அடைத்த கதவின் அகத்தே: முற்றுகைப் பாட்டுகள் பற்றி ஒரு திறனாய்வு

கம்பம்மெட்டின் விளிம்பில் நின்று கிழக்கே நோக்குவார்க்குக் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களும் திராட்சைப் பந்தல்களும் தென்னந்தோப்புகளும் பாய் விரித்தாற்போல் தோன்றும். மேற்கே திரும்பினால் ஏலக்காடுகள். இவ்விரண்டுக்கும் இடையே, இரு மாநிலங்களின் எல்லைமீது குடியமர்ந்து வாழும் நம்மனோர்க்கு மலை என்றதும் பறம்பும், பறம்பு என்றதும் பாரியும் நினைவுக்கு வருதல் இயல்பே. நம் சங்க மேடைகளில் ஆண்டுதோறும் முழங்கும் புறநானூற்றுச் சொற்பொழிவுகள் பலவும் அங்கேயே தொடங்குகின்றன. மதில், அகழி, வாள், வேல், வெற்றி! கேட்போர் தோள் பூரிக்கும். ஆயின் அம்மதிலுக்குள் அடைபட்டுக் கிடந்தவர் எதை உண்டனர், எதற்கு அஞ்சினர், யாரை ஐயுற்றனர் என்று எடுத்துரைக்கும் பேச்சு நம் செவியில் அரிதாகவே விழுகிறது. அக்குறையைச் சிறிதேனும் போக்கும் நோக்குடன் இதனை வரைகிறோம். நாம் புலவரல்லோம்; இளங்கலைப் பட்டத்துடன் நடுவண் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதுபவர். பிழை காணின் அறிஞர் பொறுத்தருள்க.

நண்பரின் வினா

பணியின் தொடக்கக் காலத்தில் சில ஆண்டுகள் தில்லியில் இருந்தோம். அங்கே நமக்கு அடுத்த இருக்கையில் அமர்ந்திருந்த மூத்த சீக்கிய நண்பர் ஒருவர், நண்பகல் உணவு வேளையில் தம் மரபின் வரலாற்றை விரித்துரைப்பார். சீக்கியர் நாள்தோறும் சொல்லும் 'அர்தாஸ்' என்னும் வேண்டுதலில், அறத்திற்காகத் தலைகொடுத்த முன்னோர் அனைவரும் நினைக்கப்படுகின்றனர் என்று அவர் கூறக் கேட்டு வியந்தோம். ஒரு நாள் அவர், "உங்கள் தமிழில் முற்றுகைப் பாட்டு உண்டா?" என்று வினவினார். நாம் சற்றும் தயங்காமல், "ஏன் இல்லை? செஞ்சிக்கோட்டைத் தேசிங்குராசன் கதையை எங்கள் ஊர்களில் பாடுவார்கள்" என்று விடையிறுத்தோம். அன்றிரவே அவ்விடை உள்ளத்தை உறுத்தியது. தேசிங்கு கதையில் போர் உண்டு; முற்றுகை இல்லை. அந்த விடையைத் திருத்திக்கொள்ள நமக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

முதலில் நண்பர் கூறிய வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1704-05 காலத்தில் குரு கோவிந்த சிங் தங்கியிருந்த ஆனந்தபூரை முகலாயப் படைகளும் மலைநாட்டு அரசர்களின் படைகளும் பல திங்கள் சூழ்ந்து நின்றன. உள்ளே உணவு அற்றது. வெளியேறுவோர்க்குத் தீங்கு செய்யோம் என்று முற்றியோர் சூளுரைத்தனர். அதனை ஏற்றுக் கோட்டையைவிட்டுப் புறப்பட்டவர்களைச் சூள் காக்கவில்லை; சிர்சா ஆற்றங்கரையில் தாக்குண்டு சிதறினர். மூத்த மக்கள் இருவர் சம்கௌரில் போரிட்டு மடிந்தனர். இளைய மக்கள் இருவர் சிர்ஹிந்தில் கொல்லப்பட்டனர்.

இத்துணையும் இழந்தவர் 1705இல் ஔரங்கசீப்புக்கு ஒரு மடல் எழுதினார். 'ஜஃபர்நாமா' எனப்படும் அது பாரசீக மொழியில் அமைந்த செய்யுள் மடல். பெயரின் பொருள் 'வெற்றி மடல்' என்பது. கோட்டை இழந்து, மக்களை இழந்து, காட்டுவழி நடந்தவர் எழுதிய மடலுக்கு வெற்றி என்று பெயர்! இது வெறும் வீறாப்பு அன்று. மடலின் உள்ளீட்டை நோக்கினால் பெயரின் பொருத்தம் விளங்கும். அவர் மதிலின் வலிமையைப் பேசவில்லை. தம் படையின் பெருமையையும் அளக்கவில்லை. மறைநூலின்மேல் வைத்த ஆணை என்னவாயிற்று என்றே மீண்டும் மீண்டும் வினவுகிறார். பசித்திருந்த நாற்பது பேர் எண்ணிறந்த படைக்கு எதிரே என்ன செய்ய இயலும் என்று கேட்கிறார். படைக்களத்தில் முடிந்த வழக்கை அறத்தின் மன்றத்திற்கு மாற்றிவிடுகிறார். அந்த மன்றத்தில் தோற்றவன் யார் என்பதில் ஐயமில்லை.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. உள்ளே அடைபட்டவர் தம் மொழியில் எழுதவில்லை; வெளியே நின்று முற்றிய பேரரசின் அவைமொழியில் எழுதினார். தம்மவர் படித்துக் கண்ணீர் விடுவதைவிட மாற்றான் படித்துத் தலைகுனிவதே அவர் வேண்டியது. முற்றுகை இலக்கியத்தில் இஃது ஓர் அரிய உத்தி.

அதே முற்றுகையின்போது பசி பொறாமல், "இனி எங்களுக்கும் உமக்கும் தொடர்பில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு நாற்பது பேர் கோட்டையைவிட்டு நீங்கினர் என்பது சீக்கிய மரபு. ஊர் திரும்பியவரைப் பெண்டிர் இடித்துரைத்தனர். மாயி பாகோ என்னும் வீரப்பெண் முன்னின்று அவர்களை மீளவும் களத்திற்கு அழைத்துச் சென்றாள். பின்னர் முக்த்சர் எனப் பெயர்பெற்ற இடத்தில் அவர்கள் பொருது மடிந்தனர். குரு அந்த எழுத்தைக் கிழித்தெறிந்தார். இன்று அர்தாஸில் அந்த நாற்பதின்மரும் 'விடுதலை பெற்றோர்' என நினைக்கப்படுகின்றனர். பசிக்குத் தோற்றவனையும் நினைவிலிருந்து நீக்காத மரபு இது.

பின்னர் 1715இல் பந்தா சிங் பகதூரும் அவரைச் சார்ந்தோரும் குர்தாஸ் நங்கல் என்னும் இடத்தில் ஏறத்தாழ எட்டுத் திங்கள் முற்றப்பட்டனர். தவசம் தீர்ந்தபின் அவர்கள் இலையும் மரப்பட்டையும் தின்று கிடந்ததை அக்காலத்து வரலாறுகள் உரைக்கின்றன. அவ்வாண்டு டிசம்பரில் சிறைப்பட்டோருள் எழுநூற்றுக்கும் மேற்பட்டவர் தில்லிக்குக் கொண்டுவரப்பட்டு, 1716இல் நாளுக்கு நூற்றுவராகக் கொல்லப்பட்டனர். அப்போது தில்லியிலிருந்த ஆங்கிலக் கும்பினித் தூதர்கள், ஒருவரும் தம் நெறியைக் கைவிட்டு உயிர் பிழைக்க முயலவில்லை என்று வியந்து எழுதினர்.

செஞ்சியில் எட்டாண்டும் ஒரு நாளும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். அதே ஔரங்கசீப்பின் படை தமிழ் மண்ணிலும் ஒரு பெருங்கோட்டையை முற்றியது. சிவாசியின் மகன் இராசாராம் 1689இல் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அவர் வந்தடைந்த பயணத்தைக் கேசவ பண்டிதர் வடமொழியில் பாடினார். 1690இல் சுல்பிகார்கான் தலைமையில் முகலாயப் படை செஞ்சியைச் சூழ்ந்தது. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் ஒரே மதிலால் வளைத்த அக்கோட்டை 1698ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் வீழ்ந்தது. இடையே மராட்டியப் படைகள் வந்து முற்றியோரையே முற்றின. முகலாயர் பாசறையிலும் பஞ்சம் புகுந்தது. ஒரு முறை அவர்கள் வந்தவாசிக்குப் பின்வாங்கவும் நேர்ந்தது. வீழ்ச்சிக்கு முன்னரே இராசாராம் தப்பிச் சென்றார்.

எட்டு ஆண்டு முற்றுகை! அதனைப் பற்றி எழுதியவர் யாவர்? முகலாயப் படையில் தளபதிராவ் புந்தேலாவிடம் பணிபுரிந்த பீம்சேன் பாரசீகத்தில் எழுதினார். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா மர்த்தேன் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். இவர்கள் அனைவரும் மதிலுக்கு வெளியே நின்றவர்கள். கோட்டைக் களஞ்சியத்தில் நெல் குறைந்துகொண்டே போனதை உள்ளிருந்து பார்த்த உழவனின் குரல், சுனைநீர் சுமந்த பெண்ணின் குரல், இவை தமிழ்நாட்டு நாவில் தங்கவில்லை.

தங்கியது வேறொன்று. கோட்டை வீழ்ந்தபின் முகலாயப் பணியிலிருந்த புந்தேலர் தலைவர் சொரூப்சிங் செஞ்சிக்குத் தலைவராக அமர்த்தப்பட்டார். அவர் மகன் தேஜ்சிங். தமிழ் நாவில் அவன் தேசிங்கு ஆனான். தந்தை இறந்தபின் சில திங்களே ஆண்டு, ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் பெரும்படையை எதிர்த்து, 1714 அக்டோபரில் வெட்டவெளியில் பொருது இளமையிலேயே மடிந்தான். பாராசாரிக் குதிரையும், மணவறையிலிருந்து எழுந்து வந்து நண்பனுக்காக உயிர்விட்ட மகபத்கானும், போருக்குப் போகவேண்டாமெனக் குறிகாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்ட சிங்கவரத்து அரங்கநாதரும் இன்றும் பாட்டில் வாழ்கின்றனர். எட்டாண்டு மறக்கப்பட்டது, ஒரு நாள் நிலைத்தது.

இதற்குக் காரணம் என்ன? இளமையில் இறந்தவன்மேல் இரக்கம் மிகுதியாதல் இயல்பு என்பர். உண்மையே. நட்பின் உயர்வு என்பர். அதுவும் உண்மை. எனினும் இவை மட்டும் போதா. தேசிங்கு தமிழன் அல்லன்; செஞ்சியை முற்றி வென்றவரின் வழிவந்தவன். அவனைத் தென்னார்க்காட்டு நாட்டுப்புறப் பாவாணர் தம் பிள்ளையாக ஏற்றது எதனால்? நாம் கருதுவது இது: அவன் கதவை அடைத்துக்கொள்ளவில்லை. மதிலுக்குப்பின் ஒளிந்து, களஞ்சியத்தை நம்பி, ஊரைப் பட்டினியிட்டு எட்டாண்டு தன் முடியைக் காக்க அவன் நினைக்கவில்லை. தன் சண்டையைத் தானே வெளியே கொண்டுசென்றான். ஒரு நாளில் முடிந்தது. முற்றுகையின் விலையை எப்போதும் வயிற்றால் செலுத்துபவர் ஊர் மக்களே. அவ்விலையைத் தம்மிடம் கேளாத தலைவனை அவர்கள் பாடினர். கேட்ட எட்டாண்டை வாய்திறவாமல் ஒதுக்கினர். அந்த மௌனமும் ஒரு தீர்ப்பே.

ஆவூர்க் கதவு

இத்தீர்ப்பை வாய்திறந்து உரைத்த புலவர் ஒருவர் முன்பே நம்மிடம் உண்டு. அவர் கோவூர்கிழார். சோழன் நலங்கிள்ளி ஆவூரை முற்றினான். அவன் குடியினனான நெடுங்கிள்ளி உள்ளே கதவடைத்துக் கிடந்தான். அப்போது கோவூர்கிழார் பாடியது புறநானூற்றின் 44ஆம் பாட்டு. அதன் அமைப்பை நோக்குக. புலவர் முதலில் யானைகளைக் காட்டுகிறார். குளத்தில் நீராடவும் நெய்ச்சோற்றுக் கவளம் உண்ணவும் பெறாமல் அவை கட்டுத்தறியை வருத்திப் பெருமூச்செறிகின்றன. அடுத்துக் குழந்தைகள், பாலின்றி அலறுகின்றன. அடுத்து மகளிர், பூவின்றி வெறுந்தலை முடிக்கின்றனர். அடுத்து வீடுகள், நீரின்றி அவற்றினின்று அழுகை எழுகிறது. யானை, குழவி, மகளிர், மனை என்று கண் நகரும் முறையே ஓர் வாதம். அரசனின் வலிமைக்கு அடையாளமான யானையே பசித்துக் கிடக்கும்போது பாலுக்கு அழும் குழந்தையின் நிலை என்ன என்று கேளாமல் கேட்கிறார்.

இவ்வளவும் காட்டியபிறகே அரசனை நோக்கித் திரும்புகிறார். அறவழி நிற்பாயாயின் 'இது உனது' என்று சொல்லித் திற; மறவழி நிற்பாயாயின் போருக்குத் திற; இரண்டுமின்றி உயர்ந்த மதிலின் ஒரு பக்கத்தில் ஒடுங்கிக் கிடத்தல் நாணத்தக்கது என்கிறார். எவ்வழியாயினும் கதவு திறக்கவேண்டும் என்பதே அவர் கருத்து. புலவர் வேண்டியது வெற்றியன்று, கதவு திறப்பது. இரண்டாம் வழியைத் தேசிங்கு மேற்கொண்டான் என்று கொண்டால், அவனைப் பாடிய நாட்டுப்புறப் பாவாணர் தம்மையறியாமலே கோவூர்கிழாரின் வழியினர் ஆகின்றனர்.

ஈண்டு இலக்கண நூலாரின் வகுப்பையும் காணவேண்டும். மதிலை முற்றுதலும் காத்தலும் இரண்டையும் தொல்காப்பியர் உழிஞையுள் அடக்கினார். பின்வந்த ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலை காப்போர் பக்கத்தை நொச்சி எனத் தனியே பிரித்தது. ஏணி சார்த்துதற்கும் அகழியில் பொருதற்கும் மதிலின்மேல் வீழ்ந்தோர்க்கும் அங்கே துறைகள் உள்ளன. பசிக்கு ஒரு துறை இல்லை. அதனாற்போலும், ஆவூரின் அடைத்த கதவைப் பாடிய 44ஆம் பாட்டை உரையாளர் உழிஞையிலும் வைக்கவில்லை, நொச்சியிலும் வைக்கவில்லை, வாகை என்றனர். இலக்கணத்திற்குள் அடங்காத உண்மையைப் பாட்டு கண்டுவிட்டது. திருவள்ளுவர் 'அரண்' அதிகாரத்தில் உள்ளே உணவு கொண்டிருத்தலையும் அரணின் இலக்கணமாகவே சேர்த்தது இங்கே எண்ணத்தக்கது.

கோவூர்கிழாரின் 45ஆம் பாட்டு உறையூர் முற்றுகை பற்றியது. முற்றியவனும் ஆத்தி சூடியவன், முற்றப்பட்டவனும் ஆத்தி சூடியவன். எவர் தோற்பினும் தோற்பது உம் குடியே என்று அவர் இருவரையும் தடுக்கிறார். 47ஆம் பாட்டு அதைவிட நுண்ணியது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் என்று ஐயுற்று நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். பரிசில் தேடிப் பல நாடு நடந்து, கிடைத்ததைச் சுற்றத்தோடு உண்டு வாழும் எளியவன் இவன். பிறர்க்குத் தீங்கறியான் என்று கூறிக் கோவூர்கிழார் அவ்வுயிரைக் காத்தார். அடைத்த கதவு உணவை மட்டும் தடுப்பதில்லை. அது ஐயத்தை வளர்க்கிறது. பிழைப்புத் தேடி வந்தவன் ஒற்றனாகத் தோன்றுகிறான். பிழைப்புத் தேடி எல்லை தாண்டியவர் வழிவந்த நமக்கு இப்பாட்டு அயலதன்று.

பறம்பும் பறவைகளும்

இனிப் பறம்பு. மூவேந்தரும் சூழ்ந்து நின்றபோது கபிலர் பாடிய 109ஆம் பாட்டை மேடைதோறும் கேட்டிருக்கிறோம். உழவர் உழாமலே மூங்கில் நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் தரும் மலை இது. எத்தனை நாள் சூழ்ந்தாலும் இதனைக் கொள்ள உமக்கு அரிது என்று கபிலர் வேந்தரை நகையாடுகிறார். நால்வகை உணவை எண்ணிச் சொல்வதால் கபிலருக்கும் முற்றுகை என்றால் பசி என்பது தெரிந்தே இருந்தது.

ஆயின் அகநானூற்றில் நக்கீரரும் ஔவையாரும் பாடிய பாட்டுகளை இதனோடு ஒப்பிட்டுக் காண்க. முற்றுகைக் காலத்தில் வெளிப்புலத்து விளைந்த நெற்கதிரைப் பறவைகள் கொண்டுவந்து சேர்த்த செய்தியை அவர்கள் குறிக்கின்றனர். நால்வகை உணவும் நிறைந்த மலைக்குப் பறவை ஏன் நெல் கொணரவேண்டும்? கபிலர் பகைவர்முன் நின்று பேசினார்; ஆகவே குறையை மறைத்தார். மற்றையோர் உவமையிடையே போகிற போக்கில் சொன்னார்கள்; ஆகவே உண்மை வெளிப்பட்டது. கபிலரின் பெருமிதத்தை மட்டும் கேட்டுக் குருவியின் அலகிலிருந்த கதிரைக் காணாமல் விடுவோமாயின் பறம்பை நாம் பாதியே படித்தவராவோம்.

நம் மலை

நம் மலை பறம்பு போன்றதன்று. ஏலமும் மிளகும் காப்பியும் இங்கே விளைகின்றன. ஏலக்காயை உண்டு வயிறு நிறையாது. அரிசியும் காய்கறியும் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரவேண்டும். தோட்டத்தில் காயெடுக்கும் பெண்டிரும் விடியலில் ஜீப்பில் ஏறிக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்து மாலையில் இறங்குகின்றனர். சாலை அடைபட்டால் மலை பசிக்கும், பள்ளத்தாக்கு கூலியிழக்கும்.

2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணை பற்றிய பிணக்கு முற்றியபோது அதனைக் கண்ணாரக் கண்டோம். கம்பம்மெட்டிலும் குமுளியிலும் போடிமெட்டிலும் போக்குவரவு நின்றது. தோட்டத் தொழிலாளர் பலர் குழந்தைகளைத் தோளில் சுமந்து காட்டுப் பாதைகளில் தேனி மாவட்டத்திற்கு இறங்கினர். பள்ளத்தாக்கில் கடை வைத்திருந்த மலையாளக் குடும்பங்களும் அவ்வாறே அஞ்சின. பல ஆண்டு பழகியவர்கள் கடைத்தெருவில் கண்டும் காணாததுபோல் சென்றனர். இளந்தத்தனுக்கு நேர்ந்தது என்னவென்று அந்நாள்களில்தான் நமக்கு விளங்கிற்று.

அரிசி தீர்ந்த ஓரிரவு, பின்கதவைத் தட்டி அண்டை வீட்டு மலையாளச் சேச்சி ஒரு சாக்கில் கப்பக்கிழங்கும் இரண்டு தேங்காயும் வைத்துவிட்டு, "பிள்ளைகளுக்கு வேவித்துக் கொடு" என்று சொல்லி, எவர் கண்ணிலும் படாமல் திரும்பினார். கம்பத்தில் மலையாளக் குடும்பங்களுக்குச் சோறு கொண்டுசென்ற தமிழரும் இருந்தனர் என்று பின்னர் அறிந்தோம். அகநானூற்றுக் குருவிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தச் சாக்கு நினைவுக்கு வருகிறது. அப்பிணக்கைப் பற்றி இரு மொழியிலும் முழக்கங்கள் எழுதப்பட்டன. பின்கதவு தட்டப்பட்டதை எவரும் எழுதவில்லை. செஞ்சியின் எட்டாண்டுபோல் அதுவும் மறைந்துகொண்டிருக்கிறது.

நண்பரின் வினாவிற்கு இப்போது விடை கூறலாம். ஐயா, எங்கள் தமிழில் முற்றுகைப் பாட்டு உண்டு. அது மதிலின் உயரத்தைப் பாடியதன்று. உள்ளே பாலுக்கு அழுத குழந்தையைக் காட்டிக் கதவைத் திறக்கச் சொன்னது. உங்கள் குரு மாற்றானின் மொழியில் மாற்றானிடம் அறம் கேட்டார். எங்கள் புலவர் எம் மொழியில் எம் அரசனிடமே அறம் கேட்டார். ஆயினும் நாள்தோறும் நினைக்கும் வழக்கத்தில் நீங்களே எம்மினும் மேலானவர்கள். பசித்து நீங்கிய நாற்பதின்மரையும் நீங்கள் மறக்கவில்லை. நாங்கள் எட்டாண்டையே மறந்தோம்.

எனவே நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். 2011இன் அந்த வாரங்களில் இம்மலையிலும் பள்ளத்தாக்கிலும் அடைபட்டிருந்த மூத்தோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் என்ன சமைத்தனர், யார் வீட்டில் உறங்கினர், யார் கதவைத் தட்டினர் என்பதைக் கேட்டு எழுதி வைப்போம். பக்கத்து வீட்டு மலையாளிகளிடமும் கேட்போம். அடுத்த மலரில் வீர உரைகளுக்கு நடுவே அதற்கும் சில பக்கங்கள் ஒதுக்கப்படுமாயின் கோவூர்கிழாருக்கு நாம் செய்யும் கைம்மாறு அதுவே ஆகும்.